குதிக்கால் நிலத்தில்

பழைய மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுக்கப்போகிறவர் கட்டையானவர், கையில் இருப்பது ஏ1 லைசன்ஸ் என்றால், தெரிவு 100 சிசியோடு நின்றுவிடும். ஊரெல்லாம் ஓடுகிற டியோ 109 சிசி. ஒன்பது சிசியால் கைநழுவுகிறது. மிஞ்சுவதில் 87.8 சிசி ஸ்கூட்டி பெப்பை, வேறு வழியில்லாமல் எடுக்கும் வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்கு அதுதான் முதல் தெரிவு என்பேன். இங்கே வண்டி ஓடுவதைவிட நிற்கும் இடங்கள்தான் ஆளைச் சோதிக்கும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலில் ஓடும் மிதவைப் பாதையில் ஏறி நிற்கும்போது தட்டு மெல்லச் சரியும். அந்த நேரம் குதிக்கால் முழுதாகப் பதியவேண்டும். நுனிவிரலில் நிற்பவருக்குப் பாரமான வண்டி சாய்ந்தால் சாய்ந்ததுதான். குறிகட்டுவானில் படகுக்குத் தூக்கவேண்டி வந்தாலும், நூறு கிலோவுக்குள் அடங்கும் வண்டி என்றால் கைகொடுக்க ஆள் வரும்.

பண்ணைப் பாலத்தில் சோளகம் அடித்தால் இலேசான வண்டி அலையாதா? அலையும், வேகத்தைக் குறைத்தால் சமாளிக்கலாம். நெடுந்தீவின் கல்லொழுங்கைகளில் சின்னச் சில்லு குலுக்கும் என்பது இன்னும் நியாயமான குறை. அங்கேயே வசிப்பவர் பெரிய சில்லுள்ள பழைய ஹொண்டா 90ஐப் பார்க்கலாம். எஞ்சின் வலு போதாது என்பதை மட்டும் என்னால் ஏற்கமுடியாது. வேலணையிலிருந்து புங்குடுதீவு வரை ஏற ஒரு மலையுமில்லை. கால் எட்டவென்று சீற்றை வெட்டித் தாழ்த்துகிறார்கள், சரி. வண்டியின் பாரத்தை எதால் வெட்டுவது?