கடல் புறாவும் கடாரத்து வாசகரும்

வார இதழில் தொடராக வெளிவந்த கதையொன்று, அவ்விதழின் தாள் மக்கிய பின்னரும் வாசகர் நெஞ்சில் மங்காதிருத்தல் அரிது. அவ்வரிய பேற்றைப் பெற்ற தமிழ்ப் புதினங்களுள் சாண்டில்யனின் 'கடல் புறா' ஒன்றாகும். குமுதம் இதழில் தொடராக வந்து, பின்னர் மூன்று பாகங்கள் கொண்ட நூலாக உருப்பெற்ற இப்படைப்பு, தமிழகத்து வாசகருக்குத் தர இயலாத ஒன்றை மலேசியத் தமிழ் வாசகருக்குத் தந்தது. கதை பேசும் கடாரம், தமிழகத்தாருக்குக் கடல்கடந்த கனவு; இங்குள்ளவருக்கோ பக்கத்து மாநிலம்.

பினாங்கின் பெருநிலப் பகுதியில் உள்ள ஜுருவில் வாழும் வாசகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வானம் தெளிந்த நாளில் செபராங் பிறைக் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால், கெடாவின் ஜெராய் மலை அவர் கண்ணுக்குத் தென்படும். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலையே பண்டைக் கலஞ்செலுத்துவோர்க்குக் கரையைக் காட்டிய அடையாளம். அதன் அடிவாரத்தில் மெர்போக் ஆற்றை ஒட்டிக் கிடப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. ஆய்வாளர் பழங் கடாரத்தோடு இணைத்துப் பேசும் நிலம். தாம் நாள்தோறும் காணும் மலையும் கடலும் ஒரு காதற்கதையின் களமாக விரியக் கண்ட வாசகர், அந்நூலின்பால் காதல் கொண்டதில் வியப்பில்லை.

கதையின் காலம் 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. வீரராசேந்திரன் சோழ அரியணையில் வீற்றிருக்கின்றான். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் புகழப்பெறும் கருணாகரத் தொண்டைமானே இங்கு இளைய பல்லவன் என்னும் தலைவன். கலிங்கத்துப் பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கும் கதை, ஸ்ரீவிஜய அரசுரிமைப் பூசலில் சோழர் துணையை நாடி வரும் குணவர்மனையும், அவன் மகளாகிய கடாரத்து இளவரசி காஞ்சனாதேவியையும் தலைவனோடு இணைக்கின்றது. பின்னர்ச் சுமத்திராவின் அட்சயமுனையில் மஞ்சளழகி தோன்றுகின்றாள். தலைவனின் மரக்கலமே நூலுக்குப் பெயராயிற்று.

இக்கதையின் மீது வாசகர் கொண்ட அன்பிற்கு வீரமும் சிருங்காரமும் மட்டுமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ரஜூலா போன்ற கப்பல்களில், நாகப்பட்டினத்தினின்று பினாங்குத் துறைக்குத் தளப் பயணிகளாக வந்திறங்கிய எளியோரின் பெயரப் பிள்ளைகள் இந்நாட்டில் பலர். குடும்ப நினைவில் அவர்களுக்கு எஞ்சியது கூலியாகக் கடல் கடந்த வரலாறே. 'கடல் புறா' அதே கடலில் வேறொரு மரக்கலத்தைக் காட்டியது. அதில் வந்தவன் பாய்மரமும் காற்றும் அறிந்தவன், கட்டளையிடுபவன், எவர் முன்னும் தலை தாழாதவன். தோட்டத்து லயத்தில் விளக்கொளியில் இக்கதையைப் படித்தவருக்கு அது பொழுதுபோக்கு மட்டுமன்று, தன்மதிப்பின் ஊற்றுமாகும். பொழுதுபோக்கு இலக்கியம் என இதனை ஒதுக்கிய திறனாய்வாளர், இவ்வுண்மையைக் காணத் தவறினர்.

மரபறிந்தோர் சுவைக்கத்தக்க நுட்பம் ஒன்றும் இந்நூலில் உண்டு. கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பது தொல்காப்பியம் காட்டும் நெறி. அகப்பாடல்களில் நெய்தல் நிலத்துத் தலைவி கரையில் நின்று இரங்குபவள். சாண்டில்யனோ தலைவியைக் கலத்திலேயே ஏற்றிவிடுகின்றார். காஞ்சனாதேவி கரையில் காத்திருப்பவளல்லள். வாளேந்தவும் அரசியல் சூழவும் வல்லவள். இரங்கலுக்குரிய கடல் இவர் கையில் கூடலுக்குரிய களமாகின்றது. மரபை மீறிய இம்மாற்றமே புதினத்தின் உயிர்நாடி எனலாம்.

ஆசிரியர் தேர்ந்த காலமும் எண்ணத்தக்கது. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் ஸ்ரீவிஜயத்தின் துறைகளைத் தாக்கினான். அவன் மெய்க்கீர்த்தி கடாரத்தையும் குறிப்பிடுகின்றது. அப்படையெடுப்பைச் சாண்டில்யன் கதையாக்கவில்லை. வீரராசேந்திரனின் கல்வெட்டோ, அவன் கடாரத்தை வென்று, தன்னடி பணிந்த அதன் மன்னனுக்கே அளித்ததாகக் கூறுகின்றது. வென்றதைத் திருப்பித் தந்த அக்காலத்தையே ஆசிரியர் தெரிந்துகொண்டார். படையெடுப்பின் கதை காதலின் கதையாகவும், பகையின் கதை உறவின் கதையாகவும் மாறியது அதனாலேயே.

எனினும், அன்பு குறைகளை மறைக்கலாகாது. மகளிரின் உறுப்பு வருணனைகள் பக்கந்தோறும் நீண்டு, அவர்தம் அறிவையும் ஆற்றலையும் பின்னுக்குத் தள்ளுகின்றன. தலைவனோ பிழையே செய்யாதவன். ஆகவே வளர்ச்சியும் இல்லாதவன். இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கடாரம் இக்கதையில் அரண்மனையாகவும் துறைமுகமாகவும் மட்டுமே காணப்படுகின்றது. அம்மண்ணில் உழைத்து வாழ்ந்த மக்கள் காணப்படவில்லை. மீட்போன் ஒருவன் வந்து சேரக் காத்திருக்கும் நாடாகவே அது நின்றுவிடுகின்றது.

மெய்யான கடாரம் அவ்வாறு காத்திருந்ததன்று. 1930களில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாருடன் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்து, கோயில்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தார். 2009ஆம் ஆண்டு முதல், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் செங்கற் கட்டடங்களையும் கண்டறிந்தனர். சோழர் கலங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, அங்குத் தொழிலும் வணிகமும் செழித்திருந்தன. உறவும் ஒருவழிப்பட்டதன்று. இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரம் கடாரத்தரசன் எழுப்பியது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் வழங்கப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடு கூறுகின்றது. கடாரம் பெற்ற நாடு மட்டுமன்று, கொடுத்த நாடுமாகும்.

இதனை உணராத அன்பு எத்துணை வலுவற்றது என்பதை 2013ஆம் ஆண்டு காட்டிற்று. நில மேம்பாட்டுப் பணியின்போது, அப்பள்ளத்தாக்கின் பழங்கோயிற் சிதைவுகளுள் ஒன்று இடித்துத் தகர்க்கப்பட்ட செய்தி அவ்வாண்டின் இறுதியில் வெளியாயிற்று. கண்டனக் குரல்கள் எழுந்தன. ஆனால் அவை எழுந்தபோது செங்கற்கள் இல்லை. காஞ்சனாதேவியின் துயருக்குக் கண்கலங்கிய வாசகருள், அவள் நாட்டின் கற்களை நேரில் சென்று கண்டவர் எத்தனை பேர் என்னும் வினா இங்கு எழாமற் போகாது.

ஆகவே, மாணவர் ஒருவர் 'கடல் புறா'வை மேசைக்கடியில் ஒளித்துப் படிப்பாராயின், அந்நூலைப் பறித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அவர் முடிக்கும் வரை காத்திருந்து, பின்னர் மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வதே தக்கது. ஜுருவினின்று அது ஒரு மணி நேரத் தொலைவுதான். கதை தந்த ஆர்வத்தோடு கல்லைக் காணும் மாணவர், எது கற்பனை, எது வரலாறு என்று தாமே பிரித்தறிவார். இம்மண் வென்றெடுத்த மண்ணன்று, உறவு கொண்ட மண் என்பதையும் உணர்வார். அவ்வுணர்வு வாய்க்குமாயின், வாசகர் ஒரு புதினத்தின்மேல் கொண்ட காதல், தாம் வாழும் நாட்டின்மேல் கொள்ளும் காதலாக முதிரும்.