மின்னிசையின் மறுமலர்ச்சி: வழிநூலா, படியா?

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார் நன்னூலார். முன்னோர் முடிபை ஏற்றுக்கொண்டு, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துரைப்பது வழிநூலின் இலக்கணம். வேறுபாடு ஏதும் இன்றேல் அது வெறும் படியே. இவ்வளவுகோல் இசைக்கும் பொருந்தும். மேலைநாட்டுப் பாப் இசையில் மீண்டும் ஓங்கி ஒலிக்கும் சிந்தசைசர் இசையை இதனால் அளந்து பார்த்தல் தகும்.

சிந்தசைசர் என்பது நரம்பும் தோலும் துளையும் இன்றி, மின்னலைகளால் ஒலியைப் படைக்கும் கருவி. அமெரிக்கரான ராபர்ட் மோக் தாம் அமைத்த சிந்தசைசரை 1964-இல் அறிஞர்முன் இயக்கிக் காட்டினார். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1974-இல் ‘ஆட்டோபான்’ இசைத்தட்டில் இக்கருவிக்கே முதன்மை தந்தனர். 1981-இல் இங்கிலாந்தின் ஹியூமன் லீக் குழு, ‘டோண்ட் யூ வாண்ட் மீ’ என்னும் பாடலால் அந்நாட்டு விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. இவர்கள் அனைவரும் அதுவரை எவரும் கேளாத ஒலியை நாடினர். அவர்கள் பார்வை எதிர்காலத்தின்மேல் இருந்தது. எனவே அவர்தம் படைப்பை முதல்நூல் எனலாம்.

1990-களில் கித்தார் இசை மேலோங்க, இவ்வொலி பழையதெனப் பின்தள்ளப்பட்டது. பின்னர் 2009-இல் லா ரூ என்னும் ஆங்கிலேய இசைக்குழு ‘புல்லட்ப்ரூஃப்’ பாடலால் முதலிடம் எய்தியது. அதன் பாடகி எல்லி ஜாக்சன் 1988-இல் பிறந்தவர். தாம் பிறக்குமுன் ஒலித்த இசையை அவர் மீட்டெடுத்தார். எதிர்காலத்தை நோக்கிப் பிறந்த கருவி, இவ்வாறு இறந்தகாலத்தை நினைவூட்டும் கருவியாயிற்று. முரண் இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்க. தொடக்கக்காலச் சிந்தசைசர்களில் வெப்பம் மாறினால் சுருதி விலகும். கலைஞர்கள் அதனோடு ஓயாது போராடினர். இன்று கணினியில் இயங்கும் மென்பொருள் சிந்தசைசருக்கு அக்குறை இல்லை. ஆயினும் பழைய மணம் வேண்டி, அவ்விலகலை வலிந்து சேர்க்கும் வசதியைப் பல மென்பொருள்களில் அமைத்துள்ளனர். ஏட்டுச்சுவடியைப் படியெடுப்பவன், செல்லரித்த துளைகளையும் சேர்த்து வரைந்து வைப்பது போன்றதே இது.

எனினும் மீட்சி முழுவதையும் படியென ஒதுக்குதல் நடுநிலை ஆகாது. கனடா நாட்டுப் பாடகர் தி வீக்கெண்ட் 2019-இல் வெளியிட்ட ‘பிளைண்டிங் லைட்ஸ்’ பாடலின் தாளமும் ஒலியும் 1980-களுக்கு உரியவை. ஆனால் தொடக்கக்கால மின்னிசைப் பாடகர் பலர் உணர்ச்சியை அடக்கிப் பாடினர். இவரோ ரிதம் அண்ட் புளூஸ் மரபின் உருக்கத்தோடு பாடுகிறார். விரைந்தோடும் இயந்திரத் தாளத்தின்மேல் தனித்திருப்பவன் ஒருவனின் மன்றாட்டு எழுகிறது. ஊரடங்கில் நகரங்கள் வெறிச்சோடிய 2020-இல் உலகெங்கும் பலர் அதனைக் கேட்டனர். பழைய வடிவில் புதிய குரல் அமைந்தமையால் இது வழிநூல் ஆகும்.

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. கேட் புஷ் 1985-இல் பாடிய ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அந்நாளில் இங்கிலாந்தில் மூன்றாமிடமே பெற்றது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் ஒலித்தபின், 2022-இல், முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, முதலிடம் பெற்றது. ஆணும் பெண்ணும் ஒருவர் நிலையில் மற்றவர் நின்று பார்த்தாலன்றி ஒருவரையொருவர் அறிதல் அரிது என்பது அப்பாடலின் கருத்து. பழைய ஒலி மட்டுமே வேண்டுமெனின், அதனைப் போலச் செய்த புதுப் பாடல்கள் ஏராளமாக இருந்தன. இளைஞர் உள்ளம் இதனை நாடியதற்குக் காரணம், ஒலிக்குள் பொதிந்திருந்த அவ்வுண்மையே எனல் பொருந்தும்.

ஆகவே, கருவி மீள்வதனால் மட்டும் கலை மறுமலர்ச்சி பெறுவதில்லை. முன்னோர் ஒலியைப் போற்றுவோர், புதியதைத் தேடிய அவர்தம் துணிவையும் போற்றுதல் வேண்டும். ஆசிரியர் எழுத்தைப் பார்த்து எழுதும் மாணவனுக்குக் கை பழகும். தன் கருத்தைத் தானே எழுதும் நாளில்தான் அவன் கல்வி பயன் தரும்.