ஆளைத் தள்ளவா அச்சொல்?

ஆங்கிலத்திலே ‘இர்ரேஷனல்’ என்றொரு சொல் உண்டு. இலத்தீன் மொழியின் ‘ரேஷியோ’ அதன் வேர். கணக்கு, அறிவு இரண்டையும் அது குறிக்கும். ஆகவேதான், இரு முழு எண்களின் விகிதமாக எழுதவொண்ணாத இரண்டின் வர்க்கமூலத்துக்கும் அதே பெயர். பெயர்தான் அப்படி, அவ்வெண்ணின் இயல்பை மெய்ப்பித்ததோ பகுத்தறிவு!

கல்லை எவரும் ‘இர்ரேஷனல்’ என்று ஏசுவதில்லை. சிந்திக்கும் ஆற்றலிருந்தும் சிந்திக்க மறுக்கும் போக்குக்கே அது பொருந்தும். ஆதிக்கவாதிகளோ அக்குறையை ஆளின் மீதே ஏற்றினர். அடிமைக்கு ஆராயும் அறிவே இல்லை, பெண்ணுக்கு இருந்தும் அதற்கு அதிகாரமில்லை என்றார் அரிஸ்டாட்டில், தம் ‘அரசியல்’ நூலிலே. பெண்கள் உணர்ச்சிவயப்பட்டவர் என்பதையும் காரணமாகக் காட்டி வாக்குரிமையை மறுத்தனர் பிரிட்டனிலே. ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை அவர்களுக்கு 1928-இல்தான் கிட்டிற்று.

அச்சொல்லை நாமும் ‘பகுத்தறிவற்றவன்’ என்று பெயர்த்து, எதிரே நிற்பவன் மீது எறிகிறோம். முறையா? தோழர்களே, மூடச் செயலைப் ‘பகுத்தறிவுக்குப் புறம்பானது’ என்போம், காரணம் காட்டுவோம். அறிவே அற்றவனென்று ஆளைத் தள்ளிவிட்டால், பிறகு யாரிடம் பேசப் போகிறோம் பகுத்தறிவை?