கருவண்டும் எருக்குழியும்

மழை பெய்த இரவில் முற்றத்து விளக்கில் மோதி 'டொக்'கென்று விழும் வண்டைத் தென்னை வளர்ப்பவர் எல்லோரும் அறிவர். கட்டைவிரல் பருமன், பளபளக்கும் கறுப்பு, தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு. பட்டுக்கோட்டையில் அது காண்டாமிருக வண்டு, யாழ்ப்பாணத்தில் கருவண்டு. கடலின் இரு கரையிலும் அது விரியாத குருத்தையே துளைக்கிறது. பின்னர் விரியும் ஓலை, கத்தரிக்கோலால் நறுக்கிய விசிறிபோல் தெரியும். அந்தக் காயத்தில்தான் மரத்தையே சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு, இலங்கையர் சொல்லும் செவ்வண்டு, முட்டையிட வரும்.

எதிரி ஒன்றுதான் என்றாலும் காவல் முறை வேறுபடுகிறது. தஞ்சைப் பக்கம் தென்னை ஏக்கர் கணக்கில் நிற்பதால் தோப்பு முழுவதற்குமாக யோசிக்கிறார்கள். 1 கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வாயகன்ற மண்பானைகளில் ஆங்காங்கே வைக்கிறார்கள். ஊறிய நெடிக்கு வண்டு வந்து விழும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடுகிறார்கள். இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு.

யாழ்ப்பாணத்து வளவில், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தில், பத்துப் பதினைந்து தென்னைதான். அங்கே பொறி வைத்தால் அயலிலுள்ள வண்டையும் நம் வளவுக்கு அழைத்ததாகிவிடும். அதனால் ஒவ்வொரு மரமாகப் பார்க்கிறார்கள். துளையில் புதுச் சக்கை தள்ளியிருந்தால் கம்பிக் கொக்கியை விட்டு வண்டைக் குத்தி எடுக்கிறார்கள். கைக்கு எட்டும் இளங்கன்றின் மட்டை இடுக்கில் பூச்சி உருண்டைகளை வைத்து மணலால் மூடுகிறார்கள். குருநாகல், புத்தளம் பக்கத்துப் பெருந்தோட்டங்களின் கணக்கு வேறு. நான் சொல்வது வடக்கின் வீட்டு வளவை.

இரண்டு முறைகளும் மரத்தின் உச்சியைக் காக்கின்றன. வண்டு பிறப்பதோ நிலத்தில். எருக்கும்பத்திலும் உளுத்த மரத்திலும் பெண் வண்டு நூறுக்கு மேல் முட்டையிடும். வெள்ளைப் புழு (இலங்கைப் பாடநூல்களில் குடம்பி) மூன்று முதல் ஆறு மாதம் அங்கேயே மக்கியதைத் தின்று கொழுக்கும். உயிருள்ள தென்னையைத் தொடாது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் சாய்த்த மரங்களும், உள்நாட்டுப் போரில் ஷெல் விழுந்து தலையிழந்த இலங்கை வடக்கின் தென்னைகளும் அகற்றப்படாமல் கிடந்த இடமெல்லாம் இந்த வண்டுக்குத் தொட்டில்தான். மனிதர் கவனிக்காவிட்டால் கடலும் அதற்குத் தடையில்லை: 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு அது சமோவாத் தீவை அடைந்து அங்கிருந்த தென்னைகளை வாட்டியது.

காசர்கோட்டிலும் லுணுவிலவிலும் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிறுவனங்கள் இரண்டும் வண்டு பெருகும் இடங்களை ஒழிக்கச் சொல்கின்றன. ஆனால் நம் கண் குருத்தை விட்டுக் கீழே இறங்குவதில்லை. பானையும் கொக்கியும் இருக்கட்டும். கூடவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருவைப் புரட்டுங்கள். விழுந்த மரத்தைப் பிளந்து விறகாக்குங்கள். எருவில் பச்சைப் பூஞ்சாணம் கலந்தால் புழு நோய் கண்டு சாகும். பூஞ்சாணம் கிடைக்காதவர்கள் மண்வெட்டியால் கிளறிவிட்டுச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். மிச்ச வேலையைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும்.