புள்ளிக்குள் ஒரு காடு: ஓவியர் ரசாவின் கலை

இயற்கையைத் தீட்டுதல் என்றால் மரத்தையும் மலையையும் கண்டவாறே வரைந்து காட்டுதல் என்று கருதுவோர் பலர். மரமும் மலையும் இல்லாத படத்திலும் இயற்கை குடிகொள்ளும் என்பதைக் காட்டியவர் சையத் ஐதர் ரசா. அவர் கலையை ஆராயப் புகுவோர்க்கு இரு வினாக்கள் எழும். வெறும் கருவட்டம் ஒன்று காடாகவும் கதிரவனாகவும் ஆவது எவ்வாறு? அவ்வட்டத்தையே ஆண்டுக்கணக்கில் எழுதிவந்தால் அதன் உயிர்ப்புக் குன்றாதோ?

ரசா 1922-ஆம் ஆண்டில், நடு இந்தியாவின் மண்டலா மாவட்டத்துப் பாபரியா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வனத்துறை அலுவலர். காட்டின் இரவு தந்த அச்சமும், விடியலின் ஒளி தந்த ஆறுதலும் இளமையிலேயே அவர் உள்ளத்திற் பதிந்தன. பள்ளியில் மனம் அலைபாய்ந்தபோது, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதனையே நோக்குமாறு பணித்தார் என்பது ரசாவே பின்னாளிற் கூறிய செய்தி. அப்புள்ளி ஓவியமாக முளைக்க நெடுங்காலம் ஆயிற்று.

1947-இல் பம்பாயில் சூசா, உசேன் முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவைத் தோற்றுவித்த ரசா, 1950-இல் பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் சென்றார். 1956-இல் அந்நாட்டுத் திறனாய்வாளர் பரிசும் அவருக்குக் கிட்டியது. அக்காலப் படங்களில் உள்ளவை பிரெஞ்சுச் சிற்றூர்களும் வீடுகளும் மரங்களும் ஆகும். புகழ் வந்தும் நிறைவு வரவில்லை. தம் ஓவியத்தில் தாயகம் எங்கே என்னும் கேள்வி அவரை வருத்தியது. எழுபதுகளில் இந்தியாவுக்குப் பலமுறை வந்து, இராசத்தானத்து நிறங்களையும் பழைய சிற்றோவியங்களையும் ஆழ்ந்து நோக்கினார்.

இத்தேடலின் விளைவே வடமொழியார் ‘பிந்து’ எனவும், தமிழ்ச் சைவ நூலார் ‘விந்து’ எனவும் வழங்கும் புள்ளி. ரசாவுக்கு அது தத்துவச் சொல் மட்டுமன்று. மண்ணுக்குள் உறங்கும் விதையும் ஆகும். ‘முளைத்தல்’ என்னும் பொருளில் அவர் தீட்டிய படங்களில் கரும்புள்ளியைச் சூழ்ந்து முக்கோணங்கள் அடுக்கடுக்காக எழும். ஐம்பூதங்கள் நிறங்களாக நிற்கும். இயற்கையின் செயலும் ஆன்ம நெறியின் குறியும் ஈண்டு ஒன்றாகின்றன. இசுலாமியக் குடும்பத்திற் பிறந்த ஒருவர் இக்குறியீடுகளைத் தம் உரிமையாகக் கொண்டது, கலைக்குச் சமய வேலி இல்லை என்பதற்குச் சான்று.

1983-இல் வரைந்த ‘சௌராட்டிரம்’ என்னும் படம் இக்கலையின் உச்சங்களுள் ஒன்று. பெருஞ்சதுரத் துணி பல கட்டங்களாகப் பிரிகின்றது. கட்டங்களுக்குள் செம்மையும் மஞ்சளும் கருமையும் அடங்காது ததும்புகின்றன. வரையறை அறிவின் வேலை. ததும்பல் உணர்வின் வேலை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவதால்தான் படம் உயிர்க்கின்றது. 2010-இல் அது ஏறக்குறைய 16 கோடி ரூபாய்க்கு ஏலம்போயிற்று. ஆயின், விலை வேறு, மதிப்பு வேறு.

பிற்காலப் படங்கள் பலவற்றில் இம்மோதலைக் காணோம். வட்டம் ஒழுங்காக இருக்கின்றது. நிறங்கள் தத்தம் எல்லைக்குள் அமைதியாக அமர்ந்திருக்கின்றன. ஆனால், காட்டின் இருளும் அச்சமும் அங்கில்லை. திரும்பத் திரும்பச் சொல்லுதல் மந்திரத்தைப் போன்றது என்பர் சிலர். மந்திரம் ஓதுவார்க்குப் பயன் தரலாம். ஓவியமோ காண்பார் உள்ளத்திலும் நிகழ்தல் வேண்டும். குறியீடு தான் பிறந்த அனுபவத்தை மறந்தால் வெறும் முத்திரையாகிவிடும்.

இக்குறையால் ரசாவின் சாதனை சிறுத்துவிடாது. அறுபதாண்டுக் காலம் பிரான்சில் வாழ்ந்து, 2010-இல் தாயகம் மீண்டு, 2016-இல் தில்லியில் மறைந்தார். அவர் விரும்பியவாறே மண்டலாவில் தந்தையார் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் படங்களைக் காண்போர் வட்டத்தின் ஒழுங்கை மட்டும் வியந்து நின்றுவிடலாகாது. அதனுள் காடு இன்னும் இருக்கின்றதா என்று தேடுதல் வேண்டும். அது புலப்படும் படங்களே நிலைபெறும்.