முகவரியும் படியும்: தமிழ் ஆய்வுத் தளங்களின் நிலைபேறு குறித்து மதுரைத் திட்டத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தனிமனிதரோ சிறு குழுவோ சொந்தப் பொறுப்பில் நடத்தும் தமிழ் இணையதளங்கள் எவ்வாறு நிலைக்கின்றன, எவ்வாறு மறைகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முகவரி மாறியும் எழுத்துக் குறியாக்கம் மாறியும் இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது. படியெடுத்துப் பரப்ப அது வழங்கிய இசைவு, நூல்களுக்கு இட்ட நிலையான எண், தரவுத்தளம் வேண்டாத எளிய கோப்பு வடிவம் ஆகிய மூன்றுமே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் துணிபு. இம்மூன்றும் இன்றைய தமிழ் ஆய்விதழ்த் தளங்களில் அருகியிருப்பது சுட்டப்படுகிறது. அத்திட்டத்தின் குறைகளும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: மதுரைத் திட்டம், வழங்கி, டொமைன் பெயர், ஒருங்குறி, மின்பதிப்பு, பாடச் சிதைவு, ஆய்விதழ்.

முன்னுரை

ஓர் அச்சிதழ் நின்றுபோனாலும் அதன் பழைய இதழ்கள் உடன் மறைவதில்லை. 1901இல் நிறுவப்பெற்ற மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'செந்தமிழ்' இதழின் தொகுதிகளை இன்றைய ஆய்வாளர் தேடிப் பிடிக்க முடிகிறதென்றால், அவை சந்தாதாரர் இல்லங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் பரவிக் கிடந்ததே காரணம். இணைய இதழின் நிலை வேறு. படிப்போர் ஆயிரவர் ஆயினும் படி ஒன்றே. அதுவும் வாடகை இடத்தில் இருக்கிறது. வாடகை நின்ற நாளில் ஆயிரவரும் ஒருசேர அதனை இழக்கின்றனர்.

தமிழாய்வில் இவ்வேறுபாடு போதிய அளவு கருதப்படவில்லை. ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இணைய முகவரி ஒன்றைத் தந்துவிட்டால் சான்று தந்தாயிற்று என்று கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. பதிப்பகப் பெயரும் பதிப்பாண்டும் விடுபட்டால் குறை காணும் நெறியாளர்கள், தளத்தின் முகப்பு முகவரியை மட்டும் குறித்தால் மறுப்பதில்லை. அம்முகவரிக்குப் பின்னால் யார் இருக்கிறார், எதனால் அது இயங்குகிறது என்ற வினா எழுப்பப்படாமலே போகிறது.

சமயநல்லூரிலிருந்து ஒரு தளம்

மதுரை – திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அமைந்த சமயநல்லூரில் வாழும் ஓர் ஆசிரியர், தாம் தொகுத்த நாட்டுப்புறப் பாடல்களையும் கல்வெட்டுப் படிகளையும் தம் வீட்டுக் கணினியிலேயே வைத்து உலகுக்குத் தர முடியுமா? கொள்கையளவில் முடியும். நடைமுறையில் முதல் தடை இணைய இணைப்பிலேயே நிற்கிறது. வீட்டு இணைப்புகளுக்குப் பெரும்பாலும் தனி முகவரி எண் கிடைப்பதில்லை. பல வீடுகள் ஒரே பொது எண்ணைப் பகிர்கின்றன. அவ்வமைப்பில் வீட்டிலிருந்து வெளியே செல்லலாம். வெளியிலிருந்து வருவோர் வீட்டைக் கண்டறிய இயலாது. மாறாத தனி எண்ணுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. இரண்டாவது தடை மின்சாரம். தனியார் மின் உற்பத்தி நிலையம் ஒன்று நிறுவப்பட்ட ஊர் சமயநல்லூர். ஆயினும் மின்நிலையம் அருகில் இருப்பதும் மின்சாரம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை, சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய 2012ஆம் ஆண்டைக் கடந்தவர் அறிவர். இன்வெர்ட்டர் சில மணி நேரம் தாங்கும். வழங்கியோ ஆண்டு முழுதும் விழித்திருக்க வேண்டும்.

எனவே வாடகை இடமே வழி. அங்கே சிக்கல் தொழில்நுட்பத்திலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு மாறுகிறது. டொமைன் பெயர் யாருக்கும் விற்கப்படுவதில்லை. ஆண்டுக் கணக்கில் குத்தகைக்கே தரப்படுகிறது. டாட் காம் பெயரொன்று காலாவதியானால், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், கட்டணம் பன்மடங்கு. அதற்கும் பின் 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். ஓரளவு புகழ்பெற்ற தளத்தின் பெயரை எடுத்துக்கொள்ளக் காத்திருப்போர் உண்டு. பழைய ஆய்விதழின் முகவரியைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் தோன்றுவதன் பின்னணி இதுவே.

மறதி ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. அட்டையிலிருந்து தானாகக் கழியும் தொடர்கட்டணங்களுக்கு முன்பதிவும் முன்னறிவிப்பும் வேண்டுமென்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வமைப்பில் இணையாத வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிப் புதுப்பிப்பு அன்றோடு செயலிழந்தது. வாடிக்கையாளரைக் காக்க வந்த நல்ல விதிதான். ஆனால் 'தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று நம்பியிருந்த சிறு தளங்களுக்கு அது பொறியாயிற்று. எச்சரிக்கை மின்னஞ்சல் வந்திருக்கும். அது எந்த முகவரிக்கு வந்தது என்பதே கேள்வி. தளத்தின் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சலைத் தொடர்பு முகவரியாகத் தந்திருந்தால், பெயர் காலாவதியான நாளில் அம்மின்னஞ்சலும் நின்றுவிடும். மீட்புக் கடிதத்தைத் திறக்க, மீட்க வேண்டிய பெயரே தேவைப்படும்.

மதுரைத் திட்டத்தின் முகவரிகள்

இத்தகைய சூழலில் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு தன்னார்வ முயற்சி நிலைத்தது எவ்வாறு? 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையிலும், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் அவர்களின் துணைத்தலைமையிலும் இயங்கியது. சங்கம் வளர்த்த நகரின் பெயரைத் தாங்கிய திட்டம் லோசானிலிருந்து நடத்தப்பட்டது என்பதை முரணாகக் காண்போர் உளர்; முகவரிக்கும் பொருளுக்கும் தொடர்பில்லை என்பதற்கு அதுவே முதற்சான்று என்பது என் கருத்து.

தொடக்கத்தில் இத்திட்டம் தமிழ் நெட் தளத்தின் ஓர் உட்பகுதியாக இருந்தது. உத்தமம் எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தின் தளத்திலும் அதன் பிரதி இருந்தது. சொந்த டொமைன் பெயரும் அமைந்தது. வெவ்வேறு காலத்து ஆய்வேடுகளில் இம்முகவரிகளுள் ஏதேனும் ஒன்று காணப்படும். முகவரிகள் மாறின, மாறாதது நூலின் எண். திருக்குறள் முதலாம் எண்ணுடைய மின்னூல். அது திஸ்கிக் குறியாக்கத்தில் இருந்தபோதும், ஒருங்குறிக்கு மாறியபோதும், பிடிஎஃப் வடிவில் இறக்கியபோதும் கோப்பின் பெயரில் அவ்வெண் தொடர்ந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்த 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் ஒவ்வோர் ஆவணத்துக்கும் 'நூலக எண்' இடுகிறது. எண் என்பது அடையாளம். முகவரி என்பது இருப்பிடம். ஒருவர் வீடு மாறினால் பெயர் மாறுவதில்லை.

எண்ணைவிட முக்கியமானது இசைவு. மதுரைத் திட்டக் கோப்புகளின் தலைப்பில், முகப்புப் பகுதியை நீக்காமல் எவரும் கட்டற்றுப் பரப்பலாம் என்னும் அறிவிப்பு உண்டு. நடைமுறை விளைவால் பார்த்தால், எண்ணற்ற வாசகரை ஊதியமில்லாக் காப்பாளராக்கிய தொடர் அது. 1999இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. அங்கு இலவச இடம் பெற்றிருந்த தமிழ்ப் பக்கங்களும் இருப்பிடம் இழந்தன. அவற்றுள் ஆவணக் காப்பகங்கள் எடுத்துவைத்த பகுதி மட்டுமே எஞ்சிற்று. மதுரைத் திட்டத்தின் வழங்கி அன்று நின்றிருந்தால் நூல்கள் அழிந்திரா. வட்டுகளிலும் பிற தளங்களிலும் பல்கலைக்கழகக் கணினிகளிலும் அவற்றின் படிகள் இருந்தன. ஏடு ஒன்று செல்லரித்தால் வேறூர்ப் படியைத் தேடிச் சென்ற உ. வே. சாமிநாதையர் காலத்து நிலை இது. படிகள் பலவாக இருந்ததனால்தான் தேடல் பொருளுடையதாயிற்று.

இடம்பெயர்வும் பாடச் சிதைவும்

ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குத் தளத்தை மாற்றும்போதுதான் தமிழ்த் தளங்கள் பெரிதும் சிதைகின்றன. ஆங்கிலத் தளம் அறியாத இடர் இது. பரவலாகப் பயன்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை மேற்கைரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன் குறியாக்கத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. அதில் சேமித்த தமிழ், பழைய வழங்கியில் தற்செயலாகச் சரியாகத் தெரியும்; புதிய வழங்கிக்கு வந்ததும் உருக்குலையும். சிதைவு இருவகைப்படும். முதல்வகையில் ஒவ்வொரு தமிழெழுத்தும் புரியாத லத்தீன் எழுத்துக் கூட்டமாகத் தோன்றும். பார்வைக்கு அச்சம் தரினும் பைட்டுகள் முழுமையாக உள்ளன, முறையறிந்தவர் மீட்டுவிடலாம். இரண்டாம் வகையில் எழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும். பார்க்க ஒழுங்காக இருக்கும் இவ்வகையே மீட்சியற்றது. சுவடியியலார் மொழியில் சொன்னால், முன்னது எழுத்து மயக்கம். பின்னது ஏடு முறிந்தது. இவ்வேறுபாடு அறியாமல், மீட்கத்தக்க பழைய காப்புப்படியைப் 'பாழாயிற்று' என்று அழித்துவிடுவதே பேரிழப்பு.

நுட்பமான இடர் மற்றொன்றும் உண்டு. தமிழ்ப் பின்ன எண்களும் நில, முகத்தலளவைக் குறியீடுகளும் 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ் இணைப்புத் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. வழக்கமான தமிழெழுத்து மூன்று பைட்டு இடம் கொள்ளும். இக்குறியீடுகளுக்கு நான்கு வேண்டும். மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காத பழைய அமைப்பிலான தரவுத்தளத்தில், கட்டுப்பாடு தளர்வாக இருந்தால், இக்குறியீடு வந்த இடத்தோடு உரை வெட்டப்பட்டுவிடும். கல்வெட்டிலுள்ள நில அளவையைத் துல்லியமாகத் தர முயன்ற கட்டுரையாளரின் கட்டுரை, அத்துல்லியத்தாலேயே பாதியில் நின்றுபோகும்.

முகவரியைத் தமிழில் அமைப்பதிலும் விலை உண்டு. 'சமயநல்லூர்' என்னும் ஏழெழுத்துச் சொல் ஒருங்குறியில் பத்துக் குறியிடங்கள் கொள்ளும். உலாவியிலிருந்து முகவரியைப் படியெடுத்து ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக விரிந்து 90 குறிகள் கொண்ட சரமாகும். அடிக்குறிப்பில் அது வரி மடிந்து உடைந்தால் எவரும் தட்டச்சு செய்து மீட்க முடியாது. மதுரைத் திட்டக் கோப்புகளின் நான்கிலக்க எண் இவ்விடத்தில் எத்துணை அடக்கமான தீர்வு என்பது விளங்கும். அக்கோப்புகள் தரவுத்தளத்தில் இல்லாத தனிப்பக்கங்கள் என்பதும் கருதத்தக்கது. ஒரு கோப்புறையைப் படியெடுத்தால் தளமே இடம்பெயர்ந்துவிடும்.

திட்டத்தின் குறைகள்

பாராட்டு இத்துடன் நிற்க வேண்டும். தொடக்க காலக் கோப்புகள் பலவற்றில் மூல அச்சுப் பதிப்பு எதுவெனக் குறிக்கப்படவில்லை. உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் உள்ளன. பதிப்பாசிரியர் பெயர் இல்லை. பாடவேறுபாடு ஆராய்வோருக்கு இது பெருங்குறை. பிற்காலக் கோப்புகளில் இந்நிலை பெரிதும் சீர்பட்டுள்ளது. கடைசியாகத் திருத்திய நாள் பல கோப்புகளில் உண்டு. எச்சொல் திருத்தப்பட்டது என்பது இல்லை. கட்டற்ற படியெடுப்பின் மறுபக்கம் இங்கே தலைகாட்டுகிறது. பழைய பிழையோடு வெளியேறிய படி, மூலம் திருந்திய பின்னும் பிற தளங்களில் உலவும். முகப்புப் பகுதியை நீக்கி வெளியிடுவோர், அப்படி எக்காலத்தது என்பதை அறியும் ஒரே வழியையும் அடைத்துவிடுகின்றனர். ஏட்டுப் பரவலில் இயல்பாக நிகழ்ந்த பிழைப்பெருக்கம் இங்கு நொடிப்பொழுதில் நிகழ்கிறது. ஆகவே மதுரைத் திட்டத்தை மேற்கோள் காட்டுவோர் நூலெண், திருத்திய நாள், மூலப் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தருவது குறைந்தபட்ச ஒழுங்கு. மூலப் பதிப்பு குறிக்கப்படாவிடில், அப்பாடத்தின்மீது வாதம் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆய்விதழ்கள் செல்லும் வழி

தமிழ் ஆய்விதழ்கள் இவற்றிலிருந்து கற்றவை குறைவு. அவற்றுள் பல ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. இம்மென்பொருளில் கட்டுரை பற்றிய விவரங்கள் தரவுத்தளத்திலும், கட்டுரைக் கோப்புகள் தனிக் கோப்புறையிலும் இருக்கும். ஒன்றை மட்டும் காப்புப்படி எடுத்தவர், உடலின்றித் தலையையோ தலையின்றி உடலையோ காத்தவராவார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைத்த பிடிஎஃப் வேறொரு துயரம்: கண்ணுக்குத் தமிழ், படியெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தளம் உயிரோடிருந்தும் எந்தத் தேடுபொறிக்கும் அக்கட்டுரை இல்லை. ஒருங்குறியைத் தமிழக அரசு 2010இல் தரமாக அறிவித்த பின்னும் இந்நிலை தொடர்கிறது.

டிஓஐ எண் பெற்றுவிட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையும் பொருந்தாது. முகவரி மாறும்போதெல்லாம் பதிவேட்டில் புதிய முகவரியை இதழ்தான் இற்றைப்படுத்த வேண்டும். அதற்கு உறுப்பினர் கட்டணம் ஆண்டுதோறும் செலுத்தப்பட வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தை இறுதிப் புகலிடமாகக் கொள்வோர், 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே பல நாள் முடங்கியதை எண்ண வேண்டும்.

கட்டணமில்லா வழி ஒன்று உண்டு. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸை உருவாக்கிய பிகேபி அமைப்பு ஒரு பாதுகாப்பு வலையமைப்பையும் நடத்துகிறது. ஐஎஸ்எஸ்என் எண்ணும் வெளிவந்த ஓர் இதழும் இருந்தால் அதில் சேரலாம். இதழின் படிகள் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் வைக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும். ஸ்டான்ஃபோர்டில் 1999இல் தொடங்கிய லாக்ஸ் முறையை அடிப்படையாகக் கொண்டது இது. ஆனால் இணைவதற்கு மென்பொருள் இற்றைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்யும் அதிகாரம் உள்ள கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்று ஆசிரியர் குழுவில் வினவினால், தளத்தை முதலில் அமைத்துத் தந்த ஒருவரின் பெயர் கிடைக்கும். அவர் இப்போது வேறு பணியில் இருப்பார். டொமைன் பதிவும் பெரும்பாலும் அவர் பெயரிலேயே இருக்கும். மதிப்பீட்டுக் குழுவினர் பட்டியலை முகப்பில் வெளியிடும் இதழ்கள், டொமைன் பதிவு இதழின் பெயரில் உள்ளதா தனிநபர் பெயரில் உள்ளதா, அது எந்த ஆண்டுவரை செலுத்தப்பட்டுள்ளது, காப்புப்படி எங்கே உள்ளது, அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது என்பனவற்றையும் அதே பக்கத்தில் வெளியிடலாம். கட்டுரை அனுப்புவோர் அதைக் கேட்டுப் பெறவும் உரிமையுடையவர்.