சிவதாஸ் பாதுரியின் வெறுங்கால்

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்து இறுதி ஆட்டம். மோகன் பகானுக்கு எதிரே பிரிட்டிஷ் ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். முதல் கோல் பட்டாளத்துக்காரர்களுடையது. ஃப்ரீ கிக்கில் சார்ஜென்ட் ஜாக்சன் போட்டது. கூட்டத்தின் பின்வரிசைகளில் நின்றவர்களுக்கு மைதானமே தெரியவில்லை. காற்றாடி பறக்கவிட்டு அவர்களுக்குக் கோல் கணக்கைச் சொன்னார்களாம். மோகன் பகானின் கேப்டன் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது மறுபடி பந்தோடு கிளம்பியவரும் அவரேதான். எதிராளிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய், சென்டர் ஃபார்வர்ட் அபிலாஷ் கோஷிடம் பந்தைத் தள்ளினார். அபிலாஷ் அடித்தார். 2-1.

இந்த வெற்றியை விடுதலைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமாகவே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. 1893-இல் தொடங்கிய அந்தக் கோப்பையை அதுவரை எந்த இந்திய அணியும் தொட்டதில்லை. ஆனால் பெருமிதம் பேசிப் பேசியே ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டோம். பட்டாளத்தைத் தோற்கடித்தது தேசபக்தி மட்டும் அல்ல. சிவதாஸ் என்ற மனிதரின் காலில் ஒரு வித்தை இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த வித்தை 1911-இல் திடீரென்று முளைத்ததல்ல. 1905-இல் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் டல்ஹவுசியை 6-1 என்று வென்றது. ஆறில் நான்கு கோல் சிவதாஸ் போட்டவை. அடுத்து 1906, 1907, 1908 என மூன்று வருஷம் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பை. இவ்வளவு கோல் பசி கொண்ட ஒருவர், வாழ்நாளின் மிகப் பெரிய ஆட்டத்தில் வெற்றி கோலை இன்னொருவர் காலுக்குக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். கோல் போடத் தெரிந்தவனுக்குத்தான் கோல் எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். அவர் ஆடியது இடது ஓரத்தில். பக்கத்திலேயே உள்பக்கமாக அண்ணன் விஜயதாஸ். இருவரும் பார்க்க ஒரே சாயல். ஆட்டத்தின் நடுவே இடம் மாறிக்கொண்டு, காவல் நிற்பவர்களைக் குழப்புவார்கள் என்று சொல்வதுண்டு.

அன்றைக்கு மோகன் பகானில் பூட்ஸ் போட்டு ஆடியவர் ஒரே ஒருவர், பேக் சுதிர் சாட்டர்ஜி. மற்றப் பத்துப் பேரும் வெறுங்கால். எதிரே கணுக்கால் வரை ஏறும் கெட்டித் தோல் பூட்ஸ்கள். பந்தும் இன்றைய பந்து இல்லை. தையலும் வாரும் வைத்த கனத்த தோல் பந்து, மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும். வெறுங்காலோடு அதை நுனிவிரலால் குத்த முடியாது, விரல் போய்விடும். பாதத்தின் மேல்புறத்தை நீட்டி, விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி அடிக்க வேண்டும். இல்லையென்றால் உள்பக்கத்தால் தள்ள வேண்டும். பலத்தை நம்பி ஆட வழியே இல்லாத கால் அது. ஆகவே வெறுங்கால்காரன் பந்தை அடிப்பதற்கு முன் அதை அறிந்தாக வேண்டும். பந்து தோலில் எங்கே உரசுகிறது, எந்தப் பக்கம் சுழன்று வருகிறது என்பதெல்லாம் பூட்ஸுக்குள் இருப்பவனுக்குப் பாதிதான் எட்டும்.

எழுத்தில் படித்தால் இது பாதிதான் விளங்கும். மணப்பாட்டில் ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் மீதியும் விளங்கிவிடும். கிரிக்கெட் வந்த பிறகும் கால்பந்தைக் கைவிடாத கடற்கரை ஊர் அது. திருச்சிலுவைக் கோயில் நிற்கும் மணல் குன்றுக்குக் கீழே பையன்கள் ஆடுவார்கள். செருப்புகளைக் குவித்து வைத்த இடம்தான் கோல். மேட்டில் காய்ந்த மணல். பந்து உருளாது, விழுந்த இடத்தில் புதையும்; விரல்களை அடியில் கொடுத்துக் கிள்ளித் தூக்கியாக வேண்டும். அலை நனைத்துவிட்டுப் போன ஓரத்தில் தரை இறுகிக் கிடக்கும். அங்கே அதே பந்து கடகடவென்று ஓடிக் கடலுக்குள் போய்விடும். ஒரே ஓட்டத்தில் இரண்டு தரையையும் கடக்க வேண்டும். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன், உயரத்திலிருந்து வந்த பந்தைப் பாதத்தில் வாங்கியதைப் பார்த்தேன். தொட்ட கணத்தில் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான், விரல்கள் விரிந்தன, பந்து துள்ளாமல் அப்படியே அடங்கியது. அவன் கீழே பார்க்கவே இல்லை. நாதஸ்வரக்காரர் துளையைப் பார்த்தா விரல் வைக்கிறார்? அவன் கண் முழுக்கச் செருப்புக் குவியல்மேல் இருந்தது.

சிவதாஸிடம் பட்டாளத்துக்காரர்கள் தோற்றது இங்கேதான் என்று நினைக்கிறேன். பந்தை அடக்கக் குனிந்து பார்க்கிறவன் ஒரு கணத்தை இழக்கிறான். காலாலேயே பார்க்கிறவனுக்கு அந்தக் கணம் மிச்சம். அபிலாஷ் எந்த இடத்துக்கு வந்து சேருவார் என்று பார்க்க சிவதாஸுக்குக் கிடைத்தது அந்த மிச்சக் கணம்தான்.

இந்தக் கலைக்குப் பரம விரோதி சேறு. மழை கொட்டினால் வெறுங்கால் வழுக்கும். பூட்ஸின் அடிக்கட்டைகள் பிடித்து நிற்கும். கல்கத்தா சீசனோ மழைக்காலத்தில். பத்துப் பேர் வெறுங்காலோடு ஜூலை மாதத்தில் ஆடி ஷீல்டை வாங்கினார்கள் என்பதை அப்படி நினைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

சிவதாஸ் 1932-இல் காலமானார். அவர் வழி அதற்குப் பிறகும் இருபது வருஷம் நின்றது. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து இறங்கிய இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 70-ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று தப்பியது. நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று அடிவாங்கிய பிறகு இந்திய அணிக்கு பூட்ஸ் கட்டாயமானது. கட்டாயமாக்கியது நியாயம். குளிர்ந்து விறைத்த பாதத்துக்குப் பந்தின் சுழற்சி தெரியாது; வெறுங்காலுக்கு இருந்த ஒரே பலமும் அங்கே போய்விட்டது. பூட்ஸ் போட்ட பிறகு நம் பயிற்சியாளர்கள் ஓட்டத்தையும் உடல் பலத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். பந்தைக் குனியாமல் அடக்கும் அந்த முதல் தொடுகையைத் தனிப் பாடமாக வைத்திருக்க வேண்டும். அதற்கு மணல் போதும், காசு செலவில்லை.